மாழையுணரியும் கிடப்பொழுங்கும்

மண்ணை அகழாமலே அதனுள் கிடக்கும் மாழையை, வழக்கில் உலோகம் எனப்படுவதை, மின்தூண்டலால் உணர்ந்து ஒலியால் அறிவிக்கும் கருவி மாழையுணரி. கண்ணிவெடி தேடுவோரும் வாயில் காப்போரும் பழம்பொருள் நாடுவோரும் இதனைக் கையாள்வர். கருவிகள் வேறுபடினும் நெறி ஒன்றே. இங்கிலாந்தில் தனியார் வயல்களில் உரியவரின் இசைவோடு பழம்பொருள் தேடும் வழக்கமே இக்கட்டுரையின் களம்.

கருவியின் அடியில், தட்டையான உறையினுள், இரு செம்புக்கம்பிச் சுருள்கள் உள்ளன. செலுத்துசுருளில் நொடிக்குப் பல்லாயிரம் முறை முன்னும் பின்னுமாக மாறிப் பாயும் மின்னோட்டம், சூழ்ந்துள்ள மண்ணில் மாறுகாந்தப் புலத்தைப் பரப்புகிறது. அப்புலம் ஏற்புச்சுருளில் தனக்குத் தானே ஈடாகிப் போகுமாறு இரு சுருள்களும் பொருத்தப்பட்டுள்ளமையால், மாழை இல்லாவிடத்துக் கருவி வாளாவிருக்கும். மின்கடத்தும் பொருளொன்று புலத்தினுள் வந்ததும் அதன் உடலில் சுழல்மின்னோட்டங்கள் எழுகின்றன, அவை மறுமொழியாகத் தமக்கென ஒரு சிறுபுலத்தை எழுப்ப, அந்த ஈடு குலைகிறது, கருவி ஒலிக்கிறது.

இம்மறுமொழியின் அளவைக் காட்டிலும் அதன் தறுவாயே, அஃதாவது செலுத்திய அலைக்கு அது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதே, பொருளின் வகையை உணர்த்துவது. தடித்த வெள்ளிக்காசில் எழும் சுழல்மின்னோட்டம் எளிதில் அடங்காமையால் மறுமொழி மிகப் பிந்தும். மெல்லிய தகட்டில் விரைந்து அடங்குதலால் சிறிதே பிந்தும். இரும்போ தன் காந்த இயல்பால் தனித்து நிற்கும். ஆயினும், சிறு பொற்கணையாழியும் குடிகலத்தின் அலுமினிய இழுவளையமும் ஏறத்தாழ ஒரே குரலில் விடையிறுப்பதுண்டு. ஆழமும் தன் பங்குக்கு எல்லை வகுக்கிறது. சுருளின் அகலத்தினும் மிக்க தொலைவில், புலம் தொலைவின் மும்மடிக்குத் தலைகீழ்த் தகவில் தேய்கிறது. சிறுபொருளின் மறுமொழியும் மீண்டு வருகையில் அவ்வாறே தேய்கிறது. ஆகவே தொலைவு இரட்டித்தால் மறுமொழி 64-இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரு சாணுக்கு மிக ஆழ்ந்து கிடக்கும் ஒற்றைக்காசு பெரும்பாலான கருவிகளுக்கு எட்டாதது இதனாலேயே.

1881-இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாந்தர் கிரகாம் பெல் அமைத்த கருவியும் இவ்வினத்ததே. அது குண்டைக் காட்டவில்லை. மெத்தையின் எஃகுச் சுருள்கள் அதனை மயக்கின என்பர். மாழை உண்டு, அது ஏறத்தாழ எவ்வகையது என்னும் அளவே கருவியின் அறிவு.

எஞ்சிய அறிவு மண்ணில் உள்ளது. ஒரு பொருள் கிடந்த ஆழம், அதன் மேலும் கீழும் அருகும் கிடந்தவை, அவை ஒன்றையொன்று தொட்டிருந்த முறை ஆகிய யாவும் சேர்ந்ததைக் கிடப்பொழுங்கு என்கிறேன். மண்வெட்டி ஒருமுறை கலைத்த கிடப்பொழுங்கை எக்கருவியாலும் மீட்க இயலாது.

1992 நவம்பர் 16-ஆம் நாள், சஃபோக்கு மாவட்டத்து ஆக்சன் சிற்றூரில், உழவர் ஒருவர் வயலில் தவறவிட்ட சுத்தியலைத் தேடித்தர அவருடைய நண்பர் மாழையுணரியுடன் சென்றார். அகப்பட்டவை வெள்ளிக் கரண்டிகள், பொன்னணிகள், குவிகுவியாய்க் காசுகள். சிறிது எடுத்ததும் அவர் அகழ்வதை நிறுத்திச் செய்தி அறிவித்தார். மறுநாள் தொல்லியலார் வந்து எஞ்சியதை முறையாக அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 உரோமக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் கடைசியாக அச்சிட்டவை, புதையல் கி.பி. 407-க்குப் பின்னரே புதைக்கப்பட்டது என்பதை நிறுவின. புதையலை அடக்கியிருந்த மரமோ பெரும்பாலும் மக்கிப்போயிருந்தது. ஆயினும் கீல்களும் சிறு வெள்ளிப் பூட்டுகளும் கிடந்த இடங்களைக் கொண்டே, ஒரு பெரும்பெட்டியும் அதனுள் சிறுபெட்டிகளும் இருந்தமை தெளிந்தது. பெண் ஒருத்தியின் உருவில் அமைந்த மிளகுச் சிமிழும் அவற்றிடையே இருந்தது. 17.5 இலக்கம் பவுண்டு மதிப்பிடப்பட்ட அப்புதையல் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது, சுத்தியலும் அங்கேதான்!

1979-இல் நார்போக்கு மாவட்டத்துத் தெட்போர்டில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. இசைவின்றித் தேடியவர் கண்டதை மறைத்தார். செய்தி வெளிவருமுன் அவ்விடத்தின் மேல் கட்டடம் எழுந்துவிட்டது. 22 பொற்கணையாழிகளும் 33 வெள்ளிக் கரண்டிகளும் அருங்காட்சியகம் சேர்ந்தன. அவற்றோடு காசுகள் இருந்தனவா என்னும் எளிய வினாவுக்கு இனி விடையில்லை. இசைவு பெறுதலை நன்னடத்தை என்று மட்டும் கருதுவோர் இதனை எண்ணுதல் வேண்டும்: இசைவோடு தேடியவருக்கு இடத்தை மறைக்க வேண்டிய தேவை இராது.

இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 300 ஆண்டுக்கு மேற்பட்டு, எடையில் பத்தில் ஒரு பங்கேனும் பொன்னோ வெள்ளியோ உடைய அணிகலன் போன்றவற்றை 14 நாளுக்குள் கரோனருக்கு அறிவிக்கச் சொல்கிறது. ஐயமான இறப்பை ஆராயும் நடுவரே புதையலையும் ஆராய்வது அங்குப் பழைய வழக்கு. புதையலுக்கு ஈடாக அருங்காட்சியகம் தரும் தொகை பொதுவாகக் கண்டவருக்கும் நிலத்தாருக்கும் பாதிபாதியாகும். சட்டத்துள் அடங்காத தேய்ந்த காசு, ஈய எடைக்கல், உடைந்த வெண்கல ஊசி ஆகியவற்றைத் தாமாக முன்வந்து பதிவதற்கென 1997-இல் தொடங்கிய திட்டத்தில் 10 இலக்கத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் ஏறியுள்ளன. ஏர் கலைத்த மேல்மண்ணில் கிடந்தவையாதலால் இவற்றின் ஆழம் பயன்படாது. ஆயினும் கிடைத்த இடத்தை நிலப்படத்தில் புள்ளியிட்டு, சுவரொன்றும் எஞ்சாத வயல்களிலும் பழைய அங்காடிகளையும் குடியிருப்புகளையும் ஆய்வாளர் இனங்கண்டு வருகின்றனர்.