ஊவாவைக் கடந்த படைகள் – 6
ஒரு ஜெனரலும் எரிந்த வயல்களும்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை கையெழுத்தான கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பிரித்தானியாவின் சார்பில் அதை முன்னின்று நடத்தியவர் ஆளுநர் ரொபர்ட் பிரௌன்ரிக். அடுத்த மூன்றே ஆண்டுகளில் ஊவாவைச் சாம்பலாக்கியவரும் அவரே. அந்தக் கை எங்கெங்கே பழகி வந்தது?

1775இல் 14ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார் பிரௌன்ரிக். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானிய மன்னனுக்கு எதிராக ஆயுதம் தூக்கிய ஆண்டு அது. அவர் முதலில் அனுப்பப்பட்டதும் அமெரிக்காவுக்குத்தான். பின்னர் ஜமேக்கா, 1794இல் பிளாண்டர்ஸ், 1799இல் ஹொலாந்து என்று போர்கள் தொடர்ந்தன. பதவியும் கூடவே உயர்ந்தது. 1803இல் முழு இராணுவத்துக்கும் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் ஆனார். 1809இல் நெப்போலியனுக்கு எதிராக வால்ஹெரன் தீவுக்குப் போன பெரும்படையிலும் இருந்தார். அங்கே குண்டு பட்டு இறந்தவர்கள் நூறு சொச்சம். காய்ச்சலில் மாண்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். பசியும் நோயும் ஒரு படையை என்ன செய்யும் என்பதை இத்தனை போர்களில் கண்ணால் கண்டவர், 1812இல் இலங்கைக்கு ஆளுநராக வந்தார்.

1817 செப்டம்பரில் வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டது. விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சன் அம்பு பட்டு இறந்தார். அடக்கி வரும்படி ஊவாவின் திசாவையான, அதாவது மாகாணத் தலைவரான, கெப்பெட்டிப்பொலவை ஆட்களோடும் துப்பாக்கிகளோடும் அனுப்பினார்கள். அவர் கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்தார். சேருமுன், ஆங்கிலேயர் தந்த துப்பாக்கிகளை அவர்களிடமே திருப்பி அனுப்பினார். அவர்கள் கொடுத்த ஆயுதத்தாலேயே அவர்களைச் சுடுவது அறமல்ல என்று நினைத்த மனிதர் அவர்.

பிரௌன்ரிக் வேறு வழியில் போரை நடத்தினார். 1818 ஜனவரியில் தலைவர்களைத் துரோகிகள் என்று வர்த்தமானியில் அறிவித்தார். சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களை வரவழைத்தார். வீடுகள் எரிந்தன; நெல் எரிந்தது. மாடுகள் கொல்லப்பட்டன, காய்க்கும் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. படையில் மருத்துவராக இருந்த ஜோன் டேவி, உள்ளூர் மக்கள் பக்கம் சுமார் 10,000 பேர் மாண்டிருக்கலாம் என்று கணித்தார். பஞ்சத்திலும் நோயிலும் இறந்தவர்களையும் சேர்த்த கணக்கு அது. 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் கெப்பெட்டிப்பொலவின் தலை வெட்டப்பட்டது. எடின்பரோவுக்குக் கொண்டு போகப்பட்ட அவருடைய மண்டையோடு 1954இல்தான் நாடு திரும்பியது.

பிரௌன்ரிக்கோடு முடிந்துபோன வழக்கமல்ல இது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜெனரல் ஷெரிடன் ஷெனண்டோவா பள்ளத்தாக்கின் களஞ்சியங்களையும் ஆலைகளையும் எரித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே பாடத்தைப் பூர்வகுடிகள் மேல் நடத்தினார். 1868 நவம்பரில் அவருக்குக் கீழிருந்த கஸ்டரின் படை, வாஷிட்டா ஆற்றங்கரையில் ஷெயன் மக்களின் குளிர்கால உணவை எரித்து, நூற்றுக்கணக்கான குதிரைகளைச் சுட்டுத் தள்ளியது. ஷெரிடன் பின்னர் அமெரிக்க இராணுவத்துக்கே தலைமைத் தளபதியானார். பிரௌன்ரிக்கும் 1819இல் முழு ஜெனரல் ஆனார். கண்டி மன்னனின் கிரீடத்தைத் தன் குலச் சின்னத்தில் பொறித்துக்கொள்ளும் உரிமையும் பெற்றார். ஒரு போரில் கற்ற கொடுமை அடுத்த போரில் பதவி உயர்வாகும். அதற்கான விலையை உழவன் கொடுப்பான்.

தோட்டத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நம் முன்னோர் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் இந்த மலைகளுக்கு வருமுன்பே, கீழே உள்ள கிராமங்கள் இப்படி ஒருமுறை அழிந்திருந்தன. 1840இல் வந்த காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுடைமையாக்கியது. பெருந்தோட்டங்களுக்கு வழி திறந்தது. லயத்துக் கஷ்டமும் கிராமத்துக் கஷ்டமும் ஒரே ஆட்சியின் கணக்கில் எழுதப்பட்டவை. பசறையிலும் லுணுகலையிலும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரு சாராரும் இதைச் சேர்ந்து படிக்க வேண்டும். அந்தக் கிளர்ச்சித் தலைவர்களின் துரோகிப் பட்டத்தை அரசு 2016இல் நீக்கிவிட்டது. அந்தக் கதையைத் தமிழில் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது இனி நம் கடமை.

அடுத்த வாரம்: பதுளையை ஆண்ட யானை வேட்டைக்காரர் மேஜர் ரோஜர்ஸ்.