மலைக்கு வரும் மத்தி

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குக் கடல்மீன் இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. மேற்கே மலபார்க் கரையில் பிடிபடும் மத்தியும் அயிலையும் நிலம்பூர், வழிக்கடவு, நாடுகாணி வழியாகக் கூடலூருக்கு ஏறி, அங்கிருந்து நடுவட்டம் தாண்டி ஊட்டியை அடைகின்றன. கிழக்கே ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் மீன் கோவை உக்கடம் மொத்தச் சந்தையில் இறங்கி, மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வளைவுகள் வழியாகக் குன்னூருக்கு வருகிறது. நீலகிரி இரு கடற்கரைகளுக்கும் நடுவில் நிற்கும் மாவட்டம் என்பதால், மீன் சந்தை எப்படி இயங்குகிறது என்பதை இங்கிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். ஒரு கரையில் வலை காலியானால் மறு கரையின் லாரி மலையேறும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடைக்காலம் 2017 முதல் 61 நாள். ஊட்டியில் கோடைக் கூட்டமும் மலர்க் கண்காட்சியும் நடப்பது ஏறக்குறைய இதே நாட்களில்தான். விடுதிகளுக்கு மீன் அதிகம் தேவைப்படும்போது கிழக்குக் கரை விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. சுமை மேற்குக் கரையின் தலையில் ஏறுகிறது. கேரளத்தில் ஜூன் 10 அளவில் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை. ஆக, ஜூன் மாதத்தின் சில நாட்களில் இரு பக்கத்துப் பெரிய படகுகளும் நின்றுவிடுகின்றன. 2024 ஜூனில் கேரளத்தில் மத்தி கிலோ 400 ரூபாய் வரை போனது. ஏழைகளின் மீன் என்று பெயர் பெற்ற மத்திக்கு அது அதுவரை காணாத விலை.

மலபார் மத்திக்குப் பொருளாதார ஆய்வுலகில் தனி இடம் உண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களின் 15 கடற்கரைச் சந்தைகளில், சுமார் 300 படகுகளிடம் வாரந்தோறும் விலையும் வரவும் கேட்டுத் திரட்டி, 2007-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1997-க்கும் 2001-க்கும் இடையில் கைபேசிச் சேவை அந்தக் கரையில் பகுதி பகுதியாக வந்தது. கோழிக்கோட்டுக்கு முதலில், காசர்கோட்டுக்குக் கடைசியில். வேறெதுவும் பெரிதாக மாறாதபோது கைபேசி மட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறு காலத்தில் வந்ததால், அது சந்தையை என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

கைபேசிக்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு அந்தக் கட்டுரை தரும் ஒரு நாள் போதும். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மத்தியைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த பக்கத்துக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பத் தயாராக நின்றார்கள். படகுக்காரருக்குப் பக்கத்துக் கரையின் நிலவரம் தெரியாது. தெரிந்துகொள்ளப் போனால் டீசல் தீரும், அதற்குள் சந்தையும் கலையும். மத்தி ஒரு பொழுதுகூடத் தாங்காத மீன். எண்ணெய்ப் பிடிப்பு அதிகம். வெயில் ஏற ஏற வயிறு வெடிக்கும். அதனால் ஒரு கரையில் விலை பூஜ்யம், அடுத்த கரையில் கொள்ளை விலை என்பது அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது.

கைபேசி கோபுரங்கள் கரையோரம் எழுந்தபோது, அலைவரிசை 20, 25 கிலோமீட்டர் கடலுக்குள்ளும் எட்டியது. வலையை இழுத்து முடித்த கையோடு படகிலிருந்தே நாலு கரைக்கு விலை கேட்டு, நல்ல விலை சொன்ன இடத்துக்குப் படகைத் திருப்பினார்கள். சந்தைக்குச் சந்தை இருந்த விலை ஏற்றத்தாழ்வு 60–70 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் அல்லது அதற்கும் கீழே இறங்கியது. முன்பு 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்த மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது; வாங்குபவர் கொடுத்த விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. ஒரே மாற்றத்தால் விற்பவர் லாபம் கூடி, வாங்குபவர் விலையும் குறைவது சந்தையில் அரிது. அதனால்தான் இந்த மத்தி ஆய்வு உலகெங்கும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது.

ஜென்சனும் நோலன் மில்லரும் 2018-இல் இன்னொரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். இது படகு கட்டும் தச்சர்களைப் பற்றியது. மீன் விற்க வேறு கரைகளுக்குப் போன மீனவர்கள், அங்கே யார் கட்டிய படகு எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வந்தார்கள். அதுவரை உள்ளூர்த் தச்சரிடமே படகு வாங்கியவர்கள் தரமான தச்சரைத் தேடிப் போனார்கள். நல்ல படகு கட்டியவர்களின் பட்டறைகள் பெரிதாக வளர்ந்தன. மட்டமான வேலை செய்தவர்கள் தொழிலை விட்டார்கள். போட்டி பெருகினால் கடைகளின் எண்ணிக்கையும் பெருகும் என்றே பொதுவாக நினைப்போம். இங்கே போட்டி வந்ததும் எண்ணிக்கை குறைந்து தரம் கூடியது.

இந்தச் சித்திரத்துக்கு மறுப்பும் உண்டு. ஜானகி சீனிவாசன், ஜென்னா பர்ரல் இருவரும் கேரள மீனவர்களிடம் மீண்டும் போய்ப் பார்த்து, 2013-இல் வேறொரு பக்கத்தைக் காட்டினார்கள். கையில் தொலைபேசி இருந்தாலும் எல்லோராலும் நினைத்த கரைக்குப் போய் விற்றுவிட முடியாது. வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்த தரகரிடமே மீனை ஏலத்துக்கு விட வேண்டிய கட்டு பலருக்கு இருக்கிறது. விலை தெரிவதும், அந்த விலைக்கு விற்க முடிவதும் ஒன்றல்ல. தமிழகக் கரையிலும் முன்பணம் வாங்கிய மீனவர் நிலை இதுதான். கடன்கட்டு அவிழாத வரை போட்டியின் பலன் தரகர் வாசலோடு நின்றுவிடும். இந்தத் திருத்தத்தைச் சேர்த்துப் படித்தால்தான் ஜென்சனின் ஆய்வு முழுமையாகிறது.

இனி கடலின் பக்கம். விலைச் செய்தி வேகமாகப் பரவும் சந்தையில் மீனவருக்கு வருமானம் கூடுகிறது. வருமானம் கூடினால் படகு பெருகும், வலை நீளும். கடல்மீனுக்கு வேலி கிடையாது. இன்று ஒருவர் விட்டுவைக்கும் மீனை நாளை இன்னொருவர் பிடித்துவிடுவார். கனடாப் பொருளாதார அறிஞர் ஸ்காட் கார்டன் 1954-இல் இதைத்தான் விளக்கினார்: யாருக்கும் உரிமையில்லாத மீன்வளத்தில், லாபம் முழுக்கக் கரையும் வரை படகுகள் வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொருவரும் தம் கணக்கில் சரியாகவே நடந்துகொள்வார்கள். ஆனால் எல்லோருக்குமான மீன் குறைந்துபோகும்.

மத்தி அந்த ஆபத்துக்கு எளிதில் ஆளாகும் மீன். வாழ்நாள் இரண்டரை மூன்று ஆண்டுதான். தென்மேற்குப் பருவமழையில் அடிக்கடல் நீர் மேலே ஏறி, மிதவை உயிரிகள் பெருகும்போது முட்டையிடும். ஓராண்டு மழையோ கடலின் வெப்பமோ பிசகினால் அடுத்த ஆண்டு வலையில் தெரியும். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, 2012-இல் கேரளத்தில் 3.9 லட்சம் டன் மத்தி கரையேறியது. 2021-இல் வெறும் 3,297 டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எல் நினோ காலத்துக் கடல் வெப்பத்தை அந்த நிலையம் முக்கியக் காரணமாகச் சொன்னது. குஞ்சு மீனை அள்ளும் சிறுகண் வலைகளைப் பற்றியும் எச்சரித்தது.

கூடலூரிலோ ஊட்டியிலோ வாங்குபவருக்கு இந்த வீழ்ச்சி முழுதாகத் தெரிந்திருக்காது. மலபாரில் மத்தி அற்றுப்போன ஆண்டுகளில் தமிழகக் கிழக்குக் கரை மத்தியும், ஓமானிலிருந்து ஐஸில் வந்த மத்தியும் அதே தட்டில், அதே பெயரில் விற்கப்பட்டன. சந்தைகள் ஒன்றோடொன்று நன்றாக இணைந்திருந்ததால் ஒரு கரையின் பஞ்சத்தை மறு கரையின் மீன் மூடி மறைத்தது. வீணாகாமல் மீனை இடம் மாற்றித் தந்த அதே இணைப்பு, கடல் வற்றுகிறது என்ற செய்தியை வழியிலேயே கரைத்துவிட்டது. மலைச் சந்தையின் விலை இன்றைய வரத்தைச் சொல்லும். கடலுக்குள் எவ்வளவு மீன் மிச்சமிருக்கிறது என்பதைச் சொல்லாது. கடல்மீன் பொருளாதாரத்தில் சாதாரண வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுவே.

விலை சில நேரம் நேர்மாறாகவும் பேசும். 2024 மழை நன்றாக அமைந்தது. மத்திக் குஞ்சுகள் பெருகின. சில மாதங்களில் கேரளக் கரைகள் சின்ன மத்தியால் நிரம்பின. மழைக்காலத்தில் 350, 400 ரூபாய்க்குப் போன மீன், கரை விலையில் 20, 30 ரூபாய்க்கு இறங்கியது. மலிவு என்றால் வளம் என்று தோன்றும். உண்மையில் வளர வேண்டிய மீன் வளருமுன் கரையேறியதுதான் அந்த மலிவு. அவை பெரும்பாலும் மனிதர் வாங்கத் தயங்கும் அளவு. மீன்மாவு ஆலைகளுக்குத்தான் தோது.

தொலைவு இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. கரையில் வாங்குபவர் மீன் துள்ளுவதைப் பார்த்து வாங்குவார். 160 கிலோமீட்டர் தாண்டி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் உருகிய தண்ணீரோடு வந்த மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். செவுள் ரத்தச் சிவப்பாக, கண் குழிவிழாமல், விரலால் அழுத்திய சதை உடனே மேலெழுந்தால் நல்ல மீன். ஆனால் ஃபார்மலின் தடவிய மீனும் விறைப்பாகவே இருக்கும். 2018 ஜூனில் கேரளச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் அதைக் கண்டறியும் காகிதப் பட்டையை உருவாக்கியிருந்தது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல பொருளுக்கும் மட்டமான விலைதான் கிடைக்கும் என்று 1970-இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் எழுதினார். ஃபார்மலின் செய்தி வந்த வாரங்களில் நேர்மையான மீன் வியாபாரிகளும் சேர்ந்து நஷ்டப்பட்டது அதற்குக் கண்கூடான சாட்சி.

கடலைக் காப்பதற்குப் பல வழிகள் முயலப்பட்டிருக்கின்றன. தரச்சான்று ஒன்று. கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டி மீன்பிடிப்பு 2014-இல், நீடித்த மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்றை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது. ஏற்றுமதிச் சந்தைக்கு அது உதவும். கிலோ அளவில் பேரம் பேசி வாங்கப்படும் மத்திக்கு அந்த முத்திரை எட்டவில்லை. சோழமண்டலக் கரையில் எந்த வலை கூடாது என்று மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளே தீர்மானித்து நடத்திவந்த வழக்கம் பழையது. ஊர்கூடி வகுத்த விதி பொதுவளத்தைக் காக்கும் என்பதைப் பல நாட்டு உதாரணங்களோடு நிறுவிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். ஆனால் தமிழகத்தில், மீன்கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை பற்றிய சண்டையில் ஊர்களே இரண்டுபட்டு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல்மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி தரும்வரை வழக்கு போனது. ஊர் விதிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அது காட்டியது.

பிடிக்கக் கூடாத காலம் என்பது நீலகிரிக்குப் புதிதல்ல. 1866-இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே இந்த மலை ஓடைகளில் ட்ரவுட் மீனை வளர்க்க முயன்றார். வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்படும் மீனையும் வேட்டை விலங்குகளையும் காக்க 1879-இல் இம்மாவட்டத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் ட்ரவுட்டை நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் உருவானது. அந்தக் காவல் வெள்ளைக்காரத் தூண்டில்காரர்களின் பொழுதுபோக்குக்காக வந்தது. மக்கள் சமையலறைக்கு ட்ரவுட் வரவேயில்லை. ஆனால் சிறிய ஓடையில் காவல் வைப்பது எளிது, எல்லையில்லாக் கடலில் கடினம் என்ற வேறுபாடு அதில் தெளிவாகத் தெரிகிறது.

கேரளம் 2015-இல், பிடிக்கத்தக்க மீனின் குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கியது. மத்திக்கு அது 10 சென்டிமீட்டர். சட்டம் கேரளக் கரையில் பிடிப்பவரைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் சிறு மீனுக்கு வாங்க ஆள் இருக்கும் வரை அதைப் பிடிக்கவும் ஆள் இருப்பார்கள். கூடலூர், குன்னூர், ஊட்டிச் சந்தைகளில் மத்தி வாங்குபவர்கள் செவுளைப் பார்ப்பதோடு நீளத்தையும் பார்க்க வேண்டும். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தி ஒருமுறைகூட முட்டையிடாத மீன். எவ்வளவு மலிவாக வந்தாலும் அதை வாங்காதீர்கள்.