முப்பது நாள் என்றால் எத்தனை நாள்?

சிவில் வழக்கொன்றில் ஜூன் 2ஆம் தேதி தீர்ப்பு வருகிறது. தோற்றவர் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் (உயர் நீதிமன்றம் என்றால் 90). கடைசி நாள் எது? சட்டென்று ஜூலை 1 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தீர்ப்பு சொன்ன நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எண்ணிக்கை மறுநாள்தான் தொடங்கும். ஆக, ஜூலை 2.

அதுவும் முடிவில்லை. மேல்முறையீட்டோடு தீர்ப்பின் நகலை இணைக்க வேண்டும். நகலைத் தருவதோ நீதிமன்ற அலுவலகம். அங்கே ஆகும் தாமதத்துக்குக் கட்சிக்காரர் என்ன செய்வார்? அதனால் நகல் மனு போட்ட நாள் முதல் நகல் தயாரான நாள் வரை கழித்துவிடுகிறார்கள். ஜூன் 9 மனு, 23 நகல் தயார் என்றால் 15 நாள் கழிந்து, கடைசி நாள் ஜூலை 17 ஆகிவிடும். அன்று விடுமுறையா? நீதிமன்றம் திறக்கும் நாளில் போடலாம்.

இதற்கெல்லாம் சாட்சி, தமிழ்நாட்டு நீதிமன்ற நகல்களில் இருக்கும் ஒரு சின்னக் குறிப்பு. மனு போட்ட நாள், முத்திரை கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாகத் தேதிகள். பழம் தின்று கொட்டை போட்ட வக்கீல் குமாஸ்தா தீர்ப்பைப் படிப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பார். முத்திரை கட்டாமல் இழுத்த நாளும், தயாரான நகலை வாங்கப் போகாத நாளும் கட்சிக்காரர் தலையில்தான் விழும்.

விசித்திரம் தீர்ப்பாணையில் (டிக்ரியில்) இருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகுதான் அதை எழுதுவார்கள். சட்டம் அதற்கு 15 நாள் தருகிறது. இருந்தும் அதில் போடுவது தீர்ப்பு நாளின் தேதியை. ஆணை தயாராகட்டும், பிறகு நகல் மனு போடலாம் என்று காத்திருந்தால், அந்த நாள்கள் கழியாது.

காத்திருந்து கெட்ட கதை ஒன்று சென்னையிலிருந்தே போனது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2019 டிசம்பர் 31 அன்று இங்கே ஓர் உத்தரவு பிறப்பித்தது. மேல்முறையீடு செய்ய 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15. மேல்முறையீட்டாளர் இலவச நகல் வரும் என்று இருந்துவிட்டார். சான்றிட்ட நகலுக்கு மனுவே போடவில்லை. உத்தரவு சொன்ன நாளிலிருந்தே காலம் ஓடிவிட்டது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. எனக்கு இது கொஞ்சம் கடுமையாகவே படுகிறது.

திறந்த நீதிமன்றத்தில் நாலு பேர் முன்னால் சொன்ன உத்தரவுக்கு, சொன்ன நாளிலிருந்து எண்ணுவது சரி. அதிகாரி தன் அறையில் கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்துவிட்டால்? நில எல்லைத் தகராறு ஒன்றில் 1883இலேயே சென்னை உயர் நீதிமன்றம் பதில் சொன்னது: சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கும்வரை அது முடிவே அல்ல.

உச்ச நீதிமன்றம் 1961இல் அதே வழியில் போனது. நில ஆர்ஜித இழப்பீட்டை அதிகாரி 1951 மார்ச்சில் நிர்ணயித்துவிட்டார். நிலக்காரருக்கு நோட்டீஸ் இல்லை. விஷயம் தெரிந்ததே 1953 ஜனவரியில். அடுத்த மாதம் மனு போட்டார். சட்டத்தில் இருந்த கெடு, அதிகாரி இழப்பீட்டை நிர்ணயித்த தேதியிலிருந்து ஆறு மாதம். அந்தத் தேதி என்பது அவருக்குத் தெரியவந்த தேதி, அல்லது தெரிந்திருக்க வேண்டிய தேதி என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. மனு பிழைத்தது. ‘தெரிந்திருக்க வேண்டிய’ நாள் எது என்று மட்டும் வழக்குக்கு வழக்கு இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.