கடுமை வேறு, கொடுமை வேறு

பால் ஊற்றாத காப்பி கடுங்காப்பி. மார்கழியில் அடிப்பது கடுங்குளிர். முனிவர் இருப்பது கடுந்தவம். இவை எதிலும் பழி இல்லை. ஒன்று வழக்கத்தை மீறி மிகுந்திருக்கிறது, அவ்வளவுதான். 'கடு' என்ற அடிச்சொல்லின் வேலை பெரும்பாலும் அளவைச் சொல்வது. அதே சொல் வலியையும் குறிக்கும்: நெடுநேரம் நின்றால் கால் கடுக்கிறது, சீதபேதி வந்தால் வயிற்றுக்கடுப்பு. இன்றைய இளைஞர்கள் எரிச்சலைக் 'கடுப்பு' என்பதும் இந்த வழியில் வந்ததுதான்.

சட்டத்தமிழிலும் இச்சொல் உண்டு. வேலை வாங்கும் சிறைத்தண்டனை தமிழ்நாட்டில் கடுங்காவல். இலங்கையில் கடூழியச் சிறை. கடு, ஊழியம் இரண்டும் சேர்ந்தது கடூழியம். தண்டனையின் தன்மையையே பெயராக்கிய இலங்கை வழக்கு எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது.

கொடுமையின் பிறப்பு வேறு. 'கொடு' என்றால் வளைந்தது. கொடுவாள் வளைந்த வாள். நேரான கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். ஆக, கொடுமை என்பது நேர்மையிலிருந்து வளைந்து போவது. திருக்குறளில் கொடுங்கோன்மை 56ஆம் அதிகாரம். ஆள்பவனின் கடுஞ்சொல்லைக் கண்டிக்கும் குறள்கள் அடுத்த அதிகாரமான வெருவந்த செய்யாமையில் வருகின்றன. வள்ளுவர் கடுஞ்சொல்லை மன்னித்துவிடவில்லை. அதுவும் ஆட்சியைத் தேய்க்கும் என்றே எச்சரிக்கிறார். ஆனாலும் இரண்டையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறார்.

வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை அதட்டும் ஆசிரியர் கடுமையானவர். பிரம்பால் விளாசி, சக மாணவர் முன் அவமானப்படுத்துபவர் செய்வது கொடுமை. இந்த எல்லையை நாம் அடிக்கடி அழித்துவிடுகிறோம். பேருந்து தாமதமானால் "என்ன கொடுமை!" என்கிறோம், அதில் பெரிய கேடில்லை. மருமகளைப் பட்டினி போடும் வீட்டைப் பற்றி "மாமியார் கொஞ்சம் கடுமை" என்று சொல்வதுதான் கேடு.

இத்தகைய கொடுமையைத் தண்டிக்க 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. கணவனோ அவன் உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. உடலுக்கு மட்டுமல்ல, மனத்துக்குச் செய்யும் பெருந்தீங்கும் அதில் அடங்கும்.

அப்படி ஒன்று உங்கள் தெருவில் நடந்தால், கொடுமை என்றே சொல்லுங்கள்.