'பாரம்பரிய மீனவர்': தேய்ந்த தொடர் மறைக்கும் சாதி

பழவேற்காடு ஏரி குறித்த செய்திகளிலும் மனுக்களிலும் 'பாரம்பரிய மீனவர்களின் வாழ்வாதாரம்' என்ற தொடர் ஓயாமல் வருகிறது. புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோன தொடரை நாம் யோசிக்காமல் எழுதுகிறோம், யோசிக்காமல் படிக்கிறோம். யார் பாரம்பரிய மீனவர் என்ற கேள்வி அங்கேயே காணாமல் போகிறது.

இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிரும் வழக்கத்துக்கு இங்கே 'பாடு' என்று பெயர். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாமல் சுழல்வதால், பொதுவளப் பகிர்வுக்கு முன்மாதிரியாகப் பாடு பாராட்டப்படுகிறது. ஆனால், மரபுப்படி அந்தச் சுழற்சி பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு உரியது. தலித்துகளும், நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கும் ஏரிதான் பிழைப்பு. 'பாரம்பரியம்' என்ற சொல் மட்டும் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை.

இதைச் சுட்டிக்காட்டினால் வரும் பதில்களும் தேய்ந்தவையே.

'காலங்காலமாக வரும் வழக்கம்' என்பது முதல் பதில். அரசமைப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சட்டத்தின் வலுவுடைய வழக்கத்தையும் 'சட்டம்' என்றே கொள்கிறது. அடிப்படை உரிமைக்கு முரணானால் அது செல்லாது. பழமை ஒரு வழக்கத்தின் வயதைச் சொல்லுமே தவிர, அதன் நியாயத்தைச் சொல்லாது.

'ஊர்க் கட்டுப்பாடு' என்பது இரண்டாவது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ நீர்மீது கொண்டுள்ள உரிமையை, அப்பிரிவுகளைச் சேராத ஒருவர் முறைகேடாகத் தடுப்பது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஜி) பிரிவின்படி குற்றம். ஊர் கூடி முடிவெடுத்தது என்பதால் குற்றம் குற்றமில்லாமல் ஆகிவிடாது.

'இங்கே யாரும் சாதி பார்ப்பதில்லை' என்பது மூன்றாவது. அப்படியானால் சீட்டில் யார் பெயர்கள் உள்ளன என்று கேட்போம்.

சொல்லை மாற்றினால் மட்டும் ஏரியில் பங்கு கிடைத்துவிடாது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அறிவித்தார். குடியிருப்புகளின் பிரிவினை அதனால் மறைந்துவிடவில்லை. ஆயினும், மனுவில் பெயரில்லாதவருக்கு ஆணையிலும் பெயர் இருக்காது. இழப்பீடு கோரும் மனுவானாலும் களஆய்வு அறிக்கையானாலும், 'பாரம்பரிய மீனவர்' என்று பொதுவாக எழுதி நிறுத்தாமல், எந்த ஊர், எந்தச் சமூகம், வலையா கையா, பாட்டில் இடம் உண்டா இல்லையா என்று எழுதுவோம். உரிமைக் கோரிக்கை அந்த விவரங்களிலிருந்துதான் தொடங்குகிறது.