பக்கியைக் காப்பாற்றச் சட்டமும் உண்டு, பிரேக்கும் உண்டு

கிராமத்துச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுபவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். முகப்பு விளக்கு வெளிச்சத்தில், தரையை ஒட்டி ஒரு செம்புள்ளி மின்னும். கிட்டே போகும்வரை அசையாது. கடைசி நொடியில் சத்தமின்றி எழுந்து இருட்டில் மறையும், இல்லையென்றால் சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். அந்தப் புள்ளி ஒரு பறவையின் கண்; அந்தப் பறவைதான் பக்கி. நம் தரிசுகளிலும் முள்காடுகளிலும் பரவலாக இருப்பது இந்தியப் பக்கி.

நீளம் சுமார் 24 செ.மீ. சாம்பலும் பழுப்பும் கறுப்புக் கீற்றுகளும் கலந்த உடம்பு. பகலில் கண்ணைச் சிறு கீற்றாக இடுக்கிக்கொண்டு சருகோடு சருகாகக் கிடக்கும்; காலடியில் இருந்தாலும் தெரியாது. கிளையில் அமர்ந்தாலும் பெரும்பாலும் குறுக்கே அமராது, நீளவாக்கில் படுத்தபடி இருக்கும். அலகு சின்னது, ஆனால் வாய் மிக அகலமாகத் திறக்கும். ஓரத்தில் விறைப்பான முடிகள். பறந்தபடியே அந்துப்பூச்சியையும் வண்டையும் பிடித்துத் தின்னும். அந்தி சாய்ந்ததும் எழும் அதன் 'சக்-சக்-சக்' குரல், கெட்டித் தரையில் விட்ட டேபிள் டென்னிஸ் பந்து போல வேகமெடுத்து அடங்கும்.

அசையாமல் இருப்பதுதான் அதன் பாதுகாப்பு. நரியை ஏமாற்ற அது போதும், லாரியிடம் செல்லாது. டார்ச் அடித்துப் பிடிப்பவர்களுக்கும் அது எளிதாக அகப்படுவது இதனால்தான்.

பக்கி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். புறம்போக்குப் புல்லுக்குத் தீ வைக்கும்போதும், புதரை ஜேசிபி வைத்து வழிக்கும்போதும் அவை யார் கண்ணிலும் படாமல் அழிகின்றன. எனக்குப் பெரிய கவலை இதுதான். 'தரிசு' என்று எழுதிவிட்டால் அங்கே யாரும் வாழவில்லை என்றே நினைத்துக்கொள்கிறோம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பக்கியையும் காக்கிறது. வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, முட்டையைச் சேதப்படுத்துவது, கலைப்பது எல்லாமே அதில் அடங்கும். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இதற்குப் பொதுவான தண்டனை மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

சாலையில் செம்புள்ளி தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், விளக்கை லோ பீமுக்கு மாற்றுங்கள். கண்கூச்சம் தணிந்ததும் பறவை பெரும்பாலும் தானே விலகிவிடும். தரையில் குஞ்சைக் கண்டால் எடுக்காதீர்கள். அதன் இடமே அதுதான், தாயும் பக்கத்திலேயே இருக்கும். அருகில் நின்று படமெடுக்கவும் வேண்டாம்.

அடிபட்ட பறவை என்றால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சோறும் தானியமும் அதற்கு உணவல்ல. உடனே வனச்சரக அலுவலகத்திலோ கால்நடை மருத்துவரிடமோ சேர்த்துவிடுங்கள். இரக்கப்பட்டு வீட்டிலேயே வளர்ப்பது சட்டப்படி சிக்கல்: வனவிலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும்.

யாராவது பிடிப்பதையோ விற்பதையோ பார்த்தால் இடம், நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்து வனத்துறையிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். அதிகாரிகள் அசையவில்லை என்றால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் நேரடியாகவே புகார் தாக்கல் செய்ய அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு எந்தக் குடிமகனுக்கும் இடம் தருகிறது.