புறா விரட்டும் காவல் பரண்: வெயிலைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள்

தை மாதத்தில் உளுந்து விதைத்த கழனியில் மாடப்புறாக் கூட்டம் ஒரு காலை நேரம் இறங்கி மேய்ந்துவிட்டால் போதும், விதைத்தவர் மறுபடியும் விதைக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். தனிப் பயிராக விதைத்தால் ஏக்கருக்கு 8 கிலோ விதை; நெல் அறுத்த தாளடி ஈரத்தில் விதைப்போருக்கு 10 முதல் 12 கிலோ. விதைக்கான பணத்தையாவது எங்கேனும் புரட்டிவிடலாம். மறுவிதைப்புக்குள் காய்ந்துவிடும் மண்ணின் ஈரத்தை யாரிடம் வாங்குவது?

காஞ்சிபுரத்தின் தெற்கே பாலாற்றை ஒட்டியுள்ள ஓரிக்கையில் இந்தத் தொல்லைக்குத் தனிக் காரணம் உண்டு. மாடப்புறா மரத்தில் கூடு கட்டுவது அரிது. பாறை இடுக்கு, பாழுங்கிணறு, கோயில் கோபுரம் இவையே அதன் வீடு. ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராசப் பெருமாள் கோயிலும் ஓரிக்கைக்கு வடக்கே இருக்கின்றன. ஆகையால் பொழுது விடிந்ததும் இரைக்குக் கிளம்பும் கூட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்தே வரும். இதை விவசாயிகள் இரண்டு நாள் கவனித்துத் தங்கள் கழனிக்கு எது வரும் திசை என்று உறுதி செய்துகொள்வது முதல் வேலை.

இங்கிலாந்தில் காட்டுப் புறாக்களைச் சுடுவதற்கு வயலோரம் மறைவிடம் அமைப்பவர்கள், சூரியன் தங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் துப்பாக்கிக்கு இடமில்லை. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. விஷம் கலந்த தானியமும் கூடாது; அது மயிலையும் மைனாவையும் வீட்டுக் கோழியையும் சேர்த்தே கொல்லும். ஆனால் சூரியனை முதுகில் வைத்துக்கொள்ளும் அந்த ஒரு விதி, விரட்டுவதற்கும் அப்படியே பொருந்தும். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி ஓட்டிய வள்ளியின் கதையைக் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் பாடியது இதே காஞ்சிக் குமரகோட்டத்தில்தான். பரணும் கவணும் நமக்குப் புதியவை அல்ல.

வெயில் முகத்தில் அடித்தால் காவல்காரருக்குப் பறவை வெறும் கருநிழலாகத்தான் தெரியும். வருவது புறாவா, புழு பொறுக்கும் மைனாவா, கொக்கா என்று பிரித்தறிய முடியாது. நன்மை செய்யும் பறவையையும் சேர்த்து விரட்டிவிடுவார். கண் கூசித் தலை குனிந்த நேரத்தில் புறா இறங்கிவிடும். வீட்டில் மற்றவர்கள் தறியில் அமர்ந்துவிட, கழனிக் காவலுக்கு வருபவர் பெரும்பாலும் வயதான பாட்டியோ தாத்தாவோதான். அவர்கள் கண்ணுக்கு இது பெரிய வேதனை. மேலும், முகத்தில் வெயில் விழும் ஆளைப் புறா தொலைவிலேயே கண்டுகொள்ளும். தலையின் இரு பக்கமும் கண் அமைந்த பறவை அது. தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டமும் பார்க்கும். ஆள் எப்போதும் தெரிந்துகொண்டே இருந்தால் அது பழகிப்போய்க் கழனியின் மறுகோடியில் இறங்கும். நிழலில் மறைந்திருந்து திடீரென எழுந்து தகரம் தட்டினால்தான் அச்சம்.

மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கே உதித்துத் தென்மேற்கே மறைகிறது. நண்பகலிலும் தெற்கே சாய்ந்தே நிற்கிறது. ஆகவே நவரை நாற்றங்காலுக்கும் உளுந்துக்கும் பரணைக் கழனியின் தெற்கு வரப்பில் வடக்கு நோக்கி அமைப்பது மிகச் சிறந்தது. நாள் முழுதும் வெயில் முதுகுப் பக்கமே. புறா வருவதோ கண்ணெதிரே! கிழக்கிலும் மேற்கிலும் கீற்றுத் தட்டி கட்டி, வடக்கை மட்டும் திறந்துவிட வேண்டும்.

சித்திரை 10-ம் தேதி வாக்கிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை கதை மாறுகிறது. அப்போது ஓரிக்கையில் உச்சி வெயில்கூடச் சற்று வடக்கே இருக்கும். சொர்ணவாரிப் பயிருக்கு அதே பரண் என்றால் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக முகத்துக்கு வரும். வடக்குப் பக்கக் கூரையைத் தாழ இறக்கி, பக்கத் தட்டிகளை ஒரு முழம் முன்னே நீட்டினால் சமாளிக்கலாம்.

காவலுக்கு ஆள் இல்லாதவர்களுக்கு உதவுவது பளபளப்பு நாடா. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளி நிறமும் உள்ள இந்த நாடா 1980-களில் இந்தியா, வங்கதேசம், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் சோதிக்கப்பட்டது. இதையும் பலர் கண்டபடி கட்டி வீணாக்குகிறார்கள். வடக்கு தெற்காகக் கட்ட வேண்டும். அப்போது நாடாவின் தட்டைப் பக்கம் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும். புறா மேயும் காலை, மாலைச் சாய்வெயில் அதன் மேல் நேராக விழுந்து மின்னும். கிழக்கு மேற்காகக் கட்டினால் வெயில் நாடாவின் ஓரத்தோடு ஓடிவிடும், மின்னல் குறையும். சரிகைச் சேலையை எப்படித் திருப்பினால் மின்னும் என்று அறிந்த ஊருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

10 மீட்டருக்கு ஒரு கழி நட்டு, பயிருக்கு மேல் அரை மீட்டர் உயரத்தில், இரண்டு மூன்று முறுக்கு விட்டுக் கட்டுக. முறுக்கு இருந்தால்தான் வடக்கிலிருந்து வரும் பறவைக்கும் ஒளி தெரியும். விறைப்பாக இழுத்துக் கட்டாமல் சற்றுத் தளர்த்தினால் காற்றில் ‘விர்ர்’ என்ற ஓசையும் கிடைக்கும். வரிசைகளுக்கு இடையே 5 மீட்டருக்கு மேல் விடுவது நல்லதல்ல.

கிழக்கே புளிய மரமோ பனை வரிசையோ இருந்தால் அதன் காலை நிழல் விழும் பகுதியில் நாடா வேலை செய்யாது. மேகமூட்டமான நாளிலும் அப்படியே. அங்கே, அன்று, ஆள்தான் காவல்.

நாடாவை விதைத்த அன்றே கட்டி, செடி முளைத்து இலை விரிந்ததும் கழற்றிவிட வேண்டும். பத்து நாள் போதும். நெல்லுக்கானால் பால் பிடிக்கும் பருவத்தில் மறுபடி கட்டலாம். மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பறவைகள் பழகிவிடும். கழற்றும்போது அறுந்த துண்டுகளைக் கழனியில் விடாதீர்கள். வைக்கோலோடு மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும்.